பூம்பாறை, காலை எட்டரை

இன்று தொண்ணூற்று நான்கு மில்லிமீட்டர்.
கண்ணாடிக் குவளை ஒருமுறைக்கு இருபதுதான் கொள்ளும்.
ஐந்து தடவை ஊற்றி, ஐந்து தடவை குனிந்து
கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கிப் படித்தேன்.
செப்டம்பர் பத்தொன்பது.
பூண்டு பிடுங்க நாள் குறித்திருந்த வாரம்.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம்
கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்தபடி வேலப்பன்.
எவ்வளவு என்று கேட்கவில்லை.
முழங்கால் வரை சேறு,
சேற்றில் அங்கங்கே ஒட்டிய பூண்டுத் தோல்.

போன மாதம் கொடைக்கானலில் பயிற்சி.
தேநீர், ஆளுக்கு இரண்டு பிஸ்கட்.
நஸ்ரீன் என்ற ஆய்வாளர், மலைக்குளிரில் இருமிக்கொண்டே
பூமியின் உச்சந்தலையைத் திரையில் காட்டினார்.
வருடம் ஓட ஓட
நரைத்த தலை கறுத்துக்கொண்டே வந்தது.
இளமை திரும்புகிறது போல என்றேன்.
காய்ச்சல் என்றார்.

வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும்.
கறுப்பு வாங்கி வைத்துக்கொள்ளும்.
கறுப்புத் தார்ப்பாயில் வெறுங்காலோடு நடந்த எவருக்கும்
இதற்குத் திரை வேண்டியதில்லை.

வடக்கே அந்தக் கடலுக்குக் காரா என்று பெயராம்.
நம்முடைய கார் எப்போது
அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது
என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

காரா கடல் சூடேறினால்
மேலே ஓடும் காற்றாறு வளையலாம்.
வளைந்தது ஓரிடத்தில் தேங்கி நிற்கலாம்.
அது நின்றால் அரபிக்கடலின் ஈரம்
வழி மாறி இழுபடலாம்.
பருவம் முடிகிற நாட்களில்
ஒரே மூச்சில் கொட்டலாம்.

லாம், லாம், லாம்.
மன்னவனூர்ப் புல்வெளியில்
தாயைத் தொடரும் குட்டிபோல
வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு லாம்.

‘உறுதியாச் சொல்லுங்க மேடம்’ என்றார் கவுஞ்சிக்காரர்.
‘உறுதியாச் சொன்னா, பொய் சொல்றேன்னு அர்த்தம்.’
அந்தப் பதில் எனக்குப் பிடித்தது.
கவுஞ்சிக்காரர் மூன்றாவது பிஸ்கட் எடுத்தார்.

அழுகலுக்கு லாம் கிடையாது.
முதலில் வாடை வரும்,
வடக்கிலிருந்து வருகிற வாடை இல்லை, இது மண்ணுக்குள்ளிருந்து.
பிறகு தாள் மஞ்சளாகும்.
இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும்.
முந்தி பிடுங்கியதை அடுப்புப் புகையில்
கட்டுக்கட்டாய்த் தொங்கவிட்டிருந்தான்.
அதிலும் சாம்பல் நிறத்தில் பூத்துவிட்டது.
வடுகபட்டியில் என்ன விலை கேட்டார்கள் என்றேன்.
சிரித்தான்.

எங்களுக்குப் பனி என்றால்
தை மாத விடியலில் உருளைச் செடியைக் கருக்குவது.
சுள்ளென்று வெயில் வந்து அது தொலைந்தால் நிம்மதி.
பனி உருகுகிறதே என்று வருந்தும் ஊர்
உலகத்தில் எங்கோ இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
குழந்தை வேலப்பர் கோயில் மணி கேட்கிற தூரத்தில்
இருக்கும் என்று நினைக்கவில்லை.

பதிவேட்டில் கடைசிக் கட்டம்: குறிப்பு.
இடி, ஆலங்கட்டி, மூடுபனி,
இவற்றில் ஒன்றைப் போடுவேன்.
காரா கடல் என்று எழுத அங்கே இடம் போதும்தான்.
பேனாவைத் திறந்தேன். மூடினேன்.
மூடுபனி என்று எழுதினேன்.

அளந்த நீரைக் கொட்டிவிட வேண்டும் என்பது விதி.
மண் இனி வாங்காது என்று நின்றது.
வேலப்பன் வேலிக்கு மேலே கை இரண்டையும் நீட்டினான்.
ஊற்றினேன்.
சேறு கரைந்து விரல்கள் தெரிந்தன.

‘அந்தப் பனி உருகின தண்ணியாக்கா இது?’
‘இல்ல. தண்ணி நம்ம பக்கத்துக் கடலோடது.
இங்க தள்ளிவிட்ட கை வேணா
அங்கேர்ந்து வந்திருக்கலாம்.’

சொன்ன பிறகுதான் என் வாலையும் பார்த்தேன்.

அவன் சாக்கில் கை துடைத்தான்.
மடியிலிருந்து நாலைந்து பூண்டை எடுத்து
வேலிக் கம்பிக்கு நடுவே நீட்டினான்.
‘ரசத்துக்கு வச்சுக்கக்கா.
ஒரு பக்கம் நல்லாத்தான் இருக்கு.
நறுக்கி எடுத்துக்கலாம்.’